புது அப்பாக்களை எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் கை நீட்டப்படும் முன்பே ஆண்களோடு பேச ஒரு முழு வழிகாட்டி

எந்த ஊர் அரசு மகப்பேறு மருத்துவமனையாக இருந்தாலும் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கையில் ஒரு கூடை, தோளில் துண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள் என்று ஏழெட்டு ஆண்கள் நிற்பார்கள். பிரசவ வார்டுக்குள் அவர்களுக்கு இடமில்லை. மாமியார் வெளியே வந்து என்ன குழந்தை என்று சொல்லும்வரை டீ, மறுபடியும் டீ. ஒரு ஆண் யார் எது சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் மனநிலையில் இருக்கும் நேரம் அது. அப்போது பார்த்து அவனிடம் பேச யாருமே இருப்பதில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஆண்களோடு பேச நினைப்பவர்களுக்கானது. நீங்கள் பால்வாடி டீச்சராக இருக்கலாம், கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், இளைஞர் மன்றத்திலோ தொழிற்சங்கத்திலோ ஜமாத்திலோ சர்ச்சிலோ நாலு பேரைக் கூட்டும் இடத்தில் இருக்கலாம். நான் சில வருடங்களாக நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்ததில் கற்றதையும், சொதப்பியதில் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சொதப்பலில் இருந்தே தொடங்குகிறேன். முதல் கூட்டத்துக்கு "குடும்ப வன்முறை ஒழிப்பு விழிப்புணர்வு முகாம்" என்று பேனர் அடித்தோம். நாற்பது நாற்காலி போட்டதில் மூன்று ஆண்கள் வந்தார்கள், அதில் ஒருவர் மைக் செட்காரர். ஆறு மாதம் கழித்து அதே தெருவில் "பிறந்த குழந்தையைத் தூக்குவது எப்படி" என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டோம், பதினேழு பேர். ஆணை வன்முறை என்ற பெயரில் கூப்பிட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏறச் சொல்வது போல அவன் காதில் விழுகிறது. பிள்ளையின் பெயரில் கூப்பிட்டால் வருவான். வந்தபின் பேச்சை எங்கே கொண்டு போவது என்பதுதான் நம் வேலை.

இது வேலை செய்யுமா என்று கேட்டால், செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் ருவாண்டாவில் இருக்கிறது. பண்டெபெரெஹோ என்று ஒரு திட்டம், அவர்கள் மொழியில் "முன்மாதிரி" என்று அர்த்தம். மனைவி கர்ப்பமாக இருக்கும் அல்லது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள ஆண்களை உள்ளூர் அப்பாக்களே கூட்டி உட்காரவைத்து 15 அமர்வுகள் நடத்தினார்கள், அவற்றில் ஏறத்தாழ பாதிக்கு மனைவிகளும் வந்தார்கள். ஏறக்குறைய 1,200 தம்பதிகளை இரண்டு பிரிவாக்கி, 21 மாதம் கழித்துப் பெண்களிடம் தனியே கேட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் கணவனிடம் அடி வாங்கினேன் என்றவர்கள் திட்டத்தில் இல்லாத பக்கம் 100க்கு 57 பேர், திட்டத்தில் இருந்த பக்கம் 33 பேர். முடிவு 2018இல் வெளியானது. 33 என்பதும் சந்தோஷப்படும் எண் இல்லைதான், ஆனால் வெறும் பேச்சால் இவ்வளவு குறைந்தது என்பது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஆனால் ருவாண்டாவில் செய்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது. அங்கே பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் குழந்தை பிறந்த பிறகும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்பி வருகிறாள். அதுவரை அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வந்து போகும் மாப்பிள்ளை. வாழையிலை போட்டுப் பரிமாறுவார்கள், குழந்தையை ஐந்து நிமிடம் மடியில் வைப்பார்கள், அழுதால் வாங்கிக்கொள்வார்கள். குழந்தையோடு பழகாத ஒரு ஆணும் தூக்கம் கெட்டு உடம்பு தேறாத ஒரு பெண்ணும் ஐந்தாம் மாதம் ஒரே அறைக்குள் மறுபடி நுழைகிறார்கள். பிரச்சினை அங்கேதான் வெடிக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இடைவெளியை வைத்துப் போட்டவை.

படி 1: ஆண்களைக் கூப்பிடும் முன் பெண்களுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஆண்கள் கூட்டம் தொடங்கியதும் ஊரில் பெண்கள் பேசத் தொடங்குவார்கள், யாராவது ஒருத்தி உங்களிடமே வந்து நிற்பாள். அப்போது யோசிக்க உட்காரக் கூடாது. 181 பெண்கள் உதவி எண், அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இதெல்லாம் உங்கள் போனில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் யார் என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர்தான் வரவேண்டும் என்றில்லை, தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. நிறைய பேருக்கு இது தெரியாததால்தான் பக்கத்து வீட்டுச் சத்தத்தை டிவி சத்தத்தால் மூடுகிறார்கள்.

இன்னொன்று, மனைவி உங்களிடம் சொன்ன எதையும் கணவனிடம் சாடைமாடையாகக்கூட எடுத்துவிடாதீர்கள். "தம்பி, வீட்ல ஏதோ சண்டைன்னு கேள்விப்பட்டேன்" என்ற ஒரு வரி போதும், அன்றைக்கு ராத்திரி அவள்தான் அதற்கு விலை கொடுப்பாள்.

படி 2: யார் நடத்துவது

ஆண்தான் நடத்த வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் முதல் இரண்டு கூட்டங்களை ஒரு ஆண் நடத்தினால் வாய் சீக்கிரம் திறக்கிறது. படித்தவர், மேடைப் பேச்சாளர் எல்லாம் வேண்டாம். ஊரில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வரும் ஒரு ஆள் இருப்பார், நாலு பேர் கிண்டல் செய்தாலும் கண்டுகொள்ளாதவர், அவரைப் பிடியுங்கள். உகாண்டாவில் இளம் அப்பாக்களுக்காக நடந்த ஒரு திட்டத்தில் வழிகாட்டிகளை அமைப்பு நியமிக்கவில்லை, அந்த இளைஞர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாங்கள் அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டோம். அந்த ஆளின் மனைவியிடம் ஒரு பெண் போய்த் தனியாகப் பேசிவிட்டு வருவார். வெளியே தங்கமான மனுஷனாகவும் வீட்டில் வேறாகவும் இருக்கும் ஆட்கள் இப்படி இரண்டு முறை எங்களிடம் மாட்டினார்கள்.

படி 3: எப்போது

நாட்காட்டி ஏற்கெனவே தயாராக இருக்கிறது, நாம் புதிதாகப் போட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமை, பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர்கள் அங்கேயே கிடைப்பார்கள். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு இன்னொரு இடம், பெண்கள் உள்ளே வளையல் போட்டுக்கொள்ளும் ஒரு மணி நேரம் ஆண்களுக்கு வேறு வேலையில்லை. பிறந்த பின் தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் வருகிறது, பெரும்பாலும் புதன்கிழமை. இந்த மூன்று நாளும் அப்பாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று பேசி வைத்துவிடுங்கள். மாமியார் வீடு வேறு ஊரில் இருந்தாலும் மூன்று நாள் லீவு போட முடியாத வேலை அரிது. தினக்கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு, அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்களுக்கான கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வையுங்கள்.

கடைசியாக, மனைவியும் குழந்தையும் திரும்பி வரும் வாரம். அதற்கு முந்தைய வாரம் ஒரு கூட்டம், வந்து ஒரு மாதம் கழித்து ஒரு கூட்டம். ஆக மொத்தம் ஏழெட்டு முறை. அதற்கு மேல் போனால் ஆள் நிற்பதில்லை.

படி 4: கூட்டங்களில் என்ன செய்வது

முதல் கூட்டத்தில் கையில் வேலை கொடுங்கள். ஒரு பொம்மையோ துணி மூட்டையோ போதும். தலையைத் தாங்கித் தூக்குவது, துணி மாற்றுவது, பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அப்பாவும் வெற்று மார்பில் அணைத்து கங்காரு முறையில் சூடு கொடுக்கலாம் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் யாராவது ஒருவர் "நிஜமாவா?" என்பார். அன்றைக்கு வன்முறை என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள்.

இரண்டாவது கூட்டம் 24 மணி நேரக் கணக்கு. தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம். ஒரு பக்கம் கைக்குழந்தைக்காரியின் ஒரு நாள், மறுபக்கம் உங்கள் ஒரு நாள், மணிவாரியாக ஆண்களையே நிரப்பச் சொல்லுங்கள். ராத்திரி பால் கொடுப்பதை எப்போதும் மறந்துவிடுவார்கள். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும் என்று நினைவுபடுத்தினால் பெண் பக்கத்துக் கட்டத்தில் இடமே இருக்காது. நீங்கள் கருத்து எதுவும் சொல்ல வேண்டாம், கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

மூன்றாவதில் அழுகை. குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து கூடி ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை, ஆனாலும் அழும். இது தெரியாத அப்பா "பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலையா" என்று மனைவி மேல் பாய்கிறான், இல்லாவிட்டால் குழந்தையைப் பிடித்து உலுக்குகிறான். உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரும் போகலாம். ஆத்திரம் ஏறுகிறது என்று தெரிந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, "பத்து நிமிஷத்தில் வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போ என்று பழக்குங்கள். சொல்லிவிட்டுப் போவது முக்கியம், திரும்பி வருவது அதைவிட முக்கியம். டாஸ்மாக் வரை போய்விட்டு வருவது இந்தக் கணக்கில் சேராது. கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், காது சூடாகும் என்பார் ஒருவர், பல்லைக் கடிப்பேன் என்பார் இன்னொருவர். இங்கேதான் முதல்முறையாகப் பேச்சு மனைவியிடம் தானாகத் திரும்பும், நீங்கள் இழுக்க வேண்டியதில்லை.

நான்காவது கூட்டம்தான் கனமானது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழியைச் சொல்லி, உங்களை முதலில் அடித்தது யார் என்று கேளுங்கள். பெல்ட், விளக்குமாறு, புளியங்குச்சி என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். அப்புறம் அம்மா அடி வாங்கியதைக் கதவு இடுக்கில் நின்று பார்த்ததை ஒருவர் சொல்வார், அறை அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை இருபது வருடம் கழித்து இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் உங்களைப் பற்றி என்ன சொல்லும் என்று மட்டும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: சிலர் இதை அப்படியே கேடயமாக எடுத்துக்கொள்வார்கள், "எங்கப்பன் அடிச்சான், அதான் நானும்" என்று. அதே அப்பனுக்குப் பிறந்த தம்பி அடிக்கிறானா என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது.

ஐந்தாவதில் எது எது வன்முறை என்ற பட்டியல். நம் ஆண்களின் அகராதியில் "லேசா ஒரு தட்டு" என்பது அடியே கிடையாது. சட்டம் உடல், பாலியல், வாய்வார்த்தையாலும் மனதாலும் நோகடிப்பது, பணம் என்று நான்காகப் பிரிக்கிறது. பணத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் ரொக்கம் 14,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மனைவியை அடிப்பது எப்போது சரி என்று ஏழு காரணங்களை வைத்துக் கேட்பார்கள்: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையும் பிள்ளையையும் கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், படுக்கைக்கு மறுத்தால், சரியாகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். இதே ஏழையும் கூட்டத்தில் வாசியுங்கள். அப்புறம், இதில் எதையாவது செய்ததற்காக உங்கள் மேஸ்திரி உங்களை அறையலாமா என்று கேளுங்கள்.

பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்காக ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் உயிரணு என்பதைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்தவர்களே மனைவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறாவது, படுக்கையறை. பேச எல்லோருக்கும் கூச்சம், அதனால் சுற்றி வளைக்காமல் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். உடம்பு ஆற குறைந்தது ஆறு வாரம், அதற்குப் பிறகும் அவள் சரி என்றால்தான் சரி, தொண்ணூறாம் நாள் ஆகிவிட்டது என்று உரிமைக் கணக்குப் போடக் கூடாது. அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடும் பொறுப்பு இருவருக்கும் என்று சொல்லி, ஆணுறை, இரண்டு பிள்ளை போதும் என்றானவர்களுக்கு நவீன வாசக்டமி என்ற ஆண் கருத்தடை ஆபரேஷன், இரண்டையும் விளக்குங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றாலே பெண் வயிற்றில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மனைவி வீடு திரும்பும் முந்தைய வாரம் நடத்தும் ஏழாவது கூட்டத்தை நாங்கள் நாடகமாகவே நடத்துவோம். ஒருவர் அம்மா, ஒருவர் மனைவி, ஒருவர் மகன். "உன் பொண்டாட்டி பச்சப்புள்ளய அழவிட்டுட்டு போன் பேசுறா" என்று அம்மா ஆரம்பிக்க வேண்டும், மகன் பதில் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாதிச் சண்டை இங்கேதான் மூள்கிறது, மகன் வாயை மூடிக்கொள்கிறான், இல்லையென்றால் அம்மா முன்னால் தன்னை நிரூபிக்க மனைவியைத் திட்டுகிறான். "அம்மா, நான் பிள்ளையை எடுத்துக்கிறேன், அவ பேசட்டும்" என்ற ஒரு வரியைச் சொல்லிப் பழகப் பழக அது வாயில் வருகிறது. அம்மாவை எதிரியாக்க வேண்டாம், அவரும் இதே வீட்டுக்கு ஒரு நாள் மருமகளாக வந்தவர்தான்.

படி 5: அவர்கள் கேட்பதற்குப் பதில்

"குடிச்சாத்தான் சார் கை நீட்டுவேன்." தேசியக் கணக்கெடுப்பில் அடிக்கடி போதையேறும் கணவர்களின் மனைவிகளில் பெரும்பான்மையினர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் குடிக்கவே குடிக்காத கணவர்களின் மனைவிகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சந்தித்திருக்கிறார். குடிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும், அடிக்கு வேறு கணக்கு. குடித்திருக்கும்போது போலீஸ்காரர் மேல் கை போகாமல் மனைவி மேல் மட்டும் எப்படிச் சரியாகப் போகிறது என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

"அவளும்தான் அடிக்கிறா." இதை மறுக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். யார் யாருக்குப் பயந்து வீட்டுக்குள் கால் வைக்கிறார்கள், யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள், அதற்கு மேல் விவாதம் வேண்டாம். உண்மையிலேயே பயந்து வாழும் ஆண் இருந்தால் அவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.

சிலர் எதுவும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை பிறந்த காலத்தில் பத்தில் ஒரு அப்பாவுக்கும் மனச்சோர்வு வருகிறது, எரிச்சலாக, குடியாக, வீட்டுக்கு வராமல் சுற்றுவதாக அது வெளியே தெரியும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுங்கள், குறிப்பிட்ட ஆளைப் பார்த்துக் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

படி 6: ஒருவர் "நான் அடிச்சிட்டேன்" என்று சொன்னால்

கைதட்டாதீர்கள். ஒத்துக்கொண்டதற்காக ஆணைப் பாராட்டும் பழக்கம் இந்த வேலையில் ஒரு பெரிய பொறி. திட்டவும் வேண்டாம். கூட்டம் முடிந்தபின் தனியே கேளுங்கள்: எப்போது, எத்தனை முறை, கழுத்தைப் பிடித்தாயா, ஆயுதம் ஏதாவது, கர்ப்பமாக இருந்தபோதா. கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது, இதெல்லாம் இருந்தால் அது உங்கள் கூட்டத்தில் தீரும் விஷயமில்லை, ஒரு பெண் பணியாளர் மூலம் மனைவியைத் தனியே சந்தித்து 181க்கோ சேவை மையத்துக்கோ வழி செய்யுங்கள்.

எந்த நிலையிலும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். அவன் எதிரில் அவள் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் வீட்டில் வாங்குவாள். "இனி செய்யமாட்டேன்னு சொல்லிட்டான், கேஸை வாபஸ் வாங்கும்மா" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமையில்லை. அவன் கூட்டத்துக்கு வருகிறான் என்பது அவனுக்கு நற்சான்று ஆகாது, அப்படி ஒரு கடிதம் கேட்டு வக்கீல் அனுப்பினால் கொடுக்காதீர்கள். எங்களிடம் ஒருவர் கேட்டார்.

படி 7: மாறியதா என்று எப்படித் தெரியும்

ஆண்களிடம் கேட்டால் எல்லோரும் மாறிவிட்டார்கள். மனைவிகளிடம்தான் கேட்க வேண்டும், ஒரு பெண், தனியாக, தடுப்பூசி போடும் இடத்தில் பேச்சோடு பேச்சாக. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், போனை யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. "அடிக்கிறாரா" என்று தொடங்காமல் இப்படிக் கேளுங்கள்: ராத்திரி பிள்ளை அழுதால் யார் எழுந்திருக்கிறீர்கள்? கார்டு யாரிடம் இருக்கிறது? அவர் பைக் சத்தம் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இந்த மூன்றாவது கேள்வி ஒரு செவிலியர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எட்டு மாதத்துக்கு முன் "வயிறு கலங்கும்" என்ற பெண், இரண்டாவது முறை கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டைத் திறந்துவிடுன்னு புள்ளகிட்ட சொல்லுவேன், அது இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல" என்று சிரித்தார். அதே வாரம் இன்னொரு பெண் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை, அவர் பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு செவிலியர் மறுநாளே அந்தத் தெருவுக்குப் போனார்.